பனில நின்ன அம்மா

வணக்கம் அக்கா,

பொங்கல் லீவோட ரெண்டு நாள் சேத்துப் போட்டு குடும்பத்தோட மணாலி போயிருந்தோம்ங்க, மொத்தம் 7 பேரு. ரெண்டாவது நாள் விடியக்காலைலயே பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு. அடல் டனல் பக்கம் வண்டி விடல, சோலாங் ரோட்டையும் மூடிட்டாங்க, கரண்ட்டும் போயிருச்சு. நாள் பூரா ரூம்லயே அடைஞ்சு கிடந்தோம். ஹோட்டல் பையன்கிட்ட சொல்லி கரி அடுப்பு ஒண்ணு வாங்கி கதவ சாத்தி உள்ள வச்சுக்கிட்டோம், பசங்க ஸ்பீக்கர்ல பாட்டு போட்டு ஒரே ஆட்டம். அம்மா மட்டும் பால்கனிலயே நின்னுட்டு இருந்தாங்க, கூப்பிட்டா வரல, சளி பிடிக்கும்னு சத்தம் போட்டு உள்ள கூட்டிட்டு வந்தோம். டனலத் தாண்டி இருக்கிற சிஸ்ஸு கிராமத்தப் பாக்காமயே திரும்பிட்டோம். இவ்வளவு செலவு பண்ணியும் ஒரு நாள் முழுசா வேஸ்ட். அடுத்த தடவ எந்த மாசம் போனா பனியும் இருக்கும், ரோடும் திறந்திருக்கும்? உங்களுக்கு அந்தப் பக்கம் பழக்கம்னு எழுதியிருந்தீங்க, அதான் கேக்குறேன்.

ஒரு வாசகர், ஈரோடு

—

அன்புள்ள தம்பி,

உங்க கடிதம் வந்த அன்னிக்குக் காலைலதான் கோஷால்ல இருந்து எனக்கு போன் வந்துச்சு. மணாலிய ஒட்டின கிராமம் அது. 1998 ஜனவரில ரோடு மூடி நான் நாலு நாள் மாட்டிக்கிட்ட வீட்டோட பொண்ணு பேசினா, அப்ப அவளுக்கு 9 வயசு, இப்ப அவளுக்கே ரெண்டு பசங்க. "தீதி (அக்கா), ராத்திரி பூரா பனி பெஞ்சிருக்கு, முட்டி வரைக்கும் நிக்குது"ன்னு சொல்றப்பவே குரல் தழுதழுத்துருச்சு. ஆப்பிள் தோட்டம் வச்சிருக்கிறவங்க. அங்க இருக்கிற பழைய ரக மரம் குளிர்காலத்துல 7 டிகிரிக்குக் கீழ சுமாரா ஆயிரம் மணி நேரமாவது தூங்கி எந்திரிக்கணும், இல்லேன்னா மார்ச், ஏப்ரல்ல பூ ஒழுங்கா வராது, பூ இல்லேன்னா காய்க்கு எங்க போறது. பனி மெல்ல உருகி வேருக்கு இறங்குற ஈரம் வேற. டிசம்பர் பொறந்ததுலருந்து வானத்தையே பாத்துட்டுக் கிடப்பாங்க. அந்த போன வச்ச கையோட உங்க கடிதத்தத் திறக்குறேன், ஒரு நாள் முழுசா வேஸ்ட்னு எழுதியிருக்கீங்க.

மொதல்ல திட்ட வேண்டியதத் திட்டிர்றேன். கதவ சாத்தின ரூமுக்குள்ள கரி அடுப்பா? 7 உசுரு தம்பி, அதுல சின்னப் பசங்க வேற! கரி எரியறப்ப வர்ற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தல லேசா வலிக்கும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அப்படியே தூங்கினவங்க எந்திரிக்கவே மாட்டாங்க. மலை ஊர்கள்ல வருஷா வருஷம் குளிர்காலத்துல இப்படிப் போறவங்க இருக்காங்க. அந்த ஊர்க்காரங்க வீட்டுக்குள்ள நெருப்பு வைக்கிறதில்லையான்னு கேப்பீங்க, வைப்பாங்க, ஆனா அது தந்தூர்னு சொல்ற தகர அடுப்பு, அதுலருந்து ஒரு குழாய் கிளம்பி கூரைய தாண்டி வெளிய போகும், புகை மொத்தமும் அது வழியா போயிரும். உங்களுக்குக் குடுத்த சட்டி அடுப்புல அந்தக் குழாய் எங்க இருக்கு? இனிமே எந்த ஊருக்குப் போனாலும், யாரு கொண்டு வந்து குடுத்தாலும், வேண்டாம்னு சொல்லிட்டு இன்னும் ரெண்டு ரஜாய் (பஞ்சு அடைச்ச தடிப் போர்வை) வாங்கிப் போத்திக்கிங்க.

செலவுக் கணக்க நான் பேசல. சிஸ்ஸுவும் எங்கயும் ஓடிடாது.

நான் பேச வந்தது உங்க அம்மாவப் பத்தி. ஒரே ஒரு வரில சொல்லிட்டு தாண்டிப் போயிட்டீங்க, அந்த வரிலருந்து என்னால நகர முடியல. நம்ம ஊர்ல பனின்னா என்ன தம்பி? மார்கழில விடியக்காலைல புல்லு மேல நிக்கிற ஈரம், அவ்வளவுதான். அந்த ஈரத்துக்கே நம்ம அம்மாங்க எல்லாரும் "பனில நிக்காத, தலைக்குத் துண்டு கட்டு"ன்னு வாசல்லருந்து கத்தியிருக்காங்க. உங்கள எத்தன தடவ அப்படி உள்ள கூப்பிட்டிருப்பாங்க! அப்படிப்பட்ட ஒரு அம்மா முதல் தடவையா நெஜப் பனி விழுறதப் பாத்துட்டு, கூப்பிட்டாலும் வராம நிக்கிறாங்கன்னா அவங்க ஏதோ ஒண்ண கண்டுட்டாங்கன்னு அர்த்தம். நீங்க போய் சளி பிடிக்கும்னு சத்தம் போட்டிருக்கீங்க. சளி வைரஸால வருது, கதவ சாத்தின ரூம்ல 7 பேரு மூச்சு விட்டுட்டு இருந்தாதான் அது சீக்கிரம் ஒட்டும். அதுவுமில்லாம பனி விழுற நேரத்துல குளிர் அவ்வளவு மோசமா இருக்காது, மேகம் போர்வை மாதிரி மூடியிருக்கும், விழுந்து முடிச்சு வானம் வெளுத்து நட்சத்திரம் தெரியுற ராத்திரிதான் எலும்புக்குள்ள போகும். ஒரு சால்வையும் காலுக்கு உல்லன் சாக்ஸும் குடுத்திருந்தா போதும்.

அந்த ஸ்பீக்கர். இத நான் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். மழைய நமக்குக் காதுதான் மொதல்ல சொல்லும், ஓட்டு மேல விழுறது வேற, தகரத்து மேல விழுறது வேற, வாழை இலை மேல விழுறது வேற, கண்ண மூடிட்டே எங்க பெய்யுது எவ்வளவு பெய்யுதுன்னு சொல்லிருவோம். பனிக்கு அது எதுவும் கிடையாது. ஜன்னலுக்கு ஒரு அடி தள்ளி கொட்டிட்டு இருக்கும், நீங்க தூங்கிட்டே இருப்பீங்க. புதுசா விழுந்த பனில பத்துல ஒன்பது பங்கு வெறும் காத்துதான், அந்தப் பொந்துகளுக்குள்ள போன சத்தம் வெளிய வராது, அதனாலதான் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது கூட எங்கயோ தலைகாணிக்கு அடியிலருந்து கேக்குற மாதிரி இருக்கும். அப்படி ஒரு அமைதி ஈரோட்ல, சென்னைல, டெல்லில எங்கயும் காசு குடுத்தாலும் கிடைக்காது, அது உங்க பால்கனி வரைக்கும் வந்து நின்னுச்சு, நீங்க பாட்டு போட்டு விரட்டிட்டீங்க.

நானும் அதையேதான் பண்ணினேன். கோஷால்லயும் சுத்துப்பட்டு கிராமங்கள்லயும் மகர சங்கராந்திலருந்து 42 நாள் சாமிங்க தவத்துல இருக்காங்கன்னு நம்பிக்கை, கௌதம ரிஷி, வியாச ரிஷி, காஞ்சன் நாக். அந்த நாள்ல கோயில் மணி அடிக்க மாட்டாங்க, மண்ணக் கொத்த மாட்டாங்க, வீட்ல ரேடியோ டிவி கூட போட மாட்டாங்க. உங்க பொங்கல் லீவும் சரியா அந்த நாள்தான். இது எதுவும் தெரியாம சங்கராந்தி முடிஞ்ச மூணாம் நாள் அந்த வீட்ல போய் தங்கி, கரண்ட் இல்லாத இருட்டு பொறுக்காம பையிலருந்த டிரான்சிஸ்டர எடுத்துத் திருகிட்டேன். அந்த வீட்டுப் பாட்டி அடுப்புகிட்டருந்து எந்திரிச்சு வந்து என் கை மேல அவங்க கைய வச்சு ரேடியோவ அணைச்சாங்க. கோபமே இல்ல. ஒரு விரல மட்டும் மேல மலையப் பாத்துக் காட்டினாங்க.

மறுநாள் காலைல அவங்கதான் என்னை மாடி வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, கல்லும் தேவதாரு கட்டையும் மாத்தி மாத்தி அடுக்கின பழைய வீடு, மாடில சுத்திலும் மரத்துல வராந்தா. போத்தியிருந்த பட்டுவோட ஓரத்தால (நம்ம பட்டு இல்ல, தடிச்ச கம்பளிப் போர்வைக்கு அங்க பட்டுன்னுதான் பேரு) வாயப் பொத்திக்கிட்டு முழங்கைய வெளிய நீட்டினாங்க. கறுப்புக் கம்பளி மேல ஒரு பனித்துளி வந்து உக்காந்துச்சு. ஆறு கிளை, ஒவ்வொரு கிளைலயும் குட்டிக் குட்டி முள்ளு, யாரோ பொறுமையா செதுக்கின மாதிரி. நல்லா பாக்கலாம்னு நான் குனிஞ்சேன், என் மூச்சு பட்டு கரைஞ்சு வெறும் தண்ணிப் பொட்டாயிருச்சு. எதுக்கு வாயப் பொத்தினாங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நானும் ஷால இழுத்து மூக்கு வரைக்கும் கட்டிக்கிட்டேன். நாங்க ரெண்டு பேரும் அப்படியே எவ்வளவு நேரம் நின்னோம்னு தெரியாது, ஒரு வார்த்தை பேசல, அவங்க பேசினாலும் எனக்குப் புரியுற அளவுக்கு அவங்க பாஷை வராது. நடுவுல ஒரே ஒரு தடவ தேவதாரு கிளை பாரம் தாங்காம பனிய தொப்புனு கீழ விட்டுச்சு, அவங்க என்னப் பாத்து சிரிச்சாங்க. பாட்டி போய் பத்து வருஷம் மேல ஆச்சு.

உங்க அம்மா பால்கனில என்ன பாத்தாங்கன்னு இதுவரைக்கும் கேட்டீங்களா? ராத்திரி சாப்பாடு முடிஞ்சு பசங்க தூங்கினப்புறம் கேளுங்க. மொதல்ல "என்னத்த பாத்தேன், சும்மா நின்னேன்"னுதான் சொல்லுவாங்க, விடாதீங்க, இன்னொரு தடவ கேளுங்க. அவங்க சொல்றத அவங்க வார்த்தையிலயே எழுதி எனக்கு அனுப்புங்க.

மாசம் கேட்டிருந்தீங்கல்ல. ஜனவரி கடைசிலருந்து பிப்ரவரி நடு வரைக்கும் போங்க, பனி கிடைக்க வாய்ப்பு அதிகம். ரோடு திறந்திருக்குமான்னு யாராலயும் வாக்கு குடுக்க முடியாது. 2020ல அந்த 9 கிலோமீட்டர் டனல் திறக்குற வரைக்கும் அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற லாஹௌல் ஜனங்க வருஷத்துல பல மாசம் இந்தப் பக்கம் வர வழியே இல்லாம இருந்தவங்க, இப்பவும் பெருசா கொட்டினா டனல் வாசலுக்குப் போற ரோட்ட மூடத்தான் செய்வாங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. பால்கனி இருக்கிற ரூமா கேட்டு வாங்கி, அங்க ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க.

அன்புடன்,
அக்கா