பாட்டிமாரின் குரலைப் பதிய எந்த றெக்கோடர்?

வணக்கம் தங்கச்சி. பருத்தித்துறையில் வயதானவர்களின் கடல் கதைகளைப் போனில் பதிந்தால் காற்றுச் சத்தம்தான் விழுகிறது, மலிவான றெக்கோடர் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

சோனி ஐசிடி-பிஎக்ஸ்470 போதும். இரண்டு ட்ரிபிள் ஏ பற்றரியில் ஓடும், கரண்ட் போனாலும் கவலையில்லை. எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் எல்பிசிஎம் (LPCM) வடிவத்தில் பதியுங்கள். உள்ளே இருக்கும் 4 ஜிபியில் சுமார் 5 மணித்தியாலம் பிடிக்கும், மைக்ரோ எஸ்டியும் போடலாம்.

ஆனால் றெக்கோடரை மட்டும் மாற்றினால் காற்றுத் தொல்லை தீராது. பஞ்சு உறை போட்ட காலர் மைக் ஒன்றை நெஞ்சருகே குத்திவிடுங்கள், குரல் கிட்டக் கேட்கும். வாங்கும்போது மைக் வயரின் செருகும் முனையைப் பாருங்கள்: இரண்டு கறுப்பு வளையம் இருக்க வேண்டும். மூன்று இருந்தால் அது போனுக்கானது, நானும் முதலில் அதைத்தான் வாங்கி ஏமாந்தேன். சரி, அப்புறம் ஃபானை நிறுத்த மறக்காதீர்கள். பதிந்ததை அன்றிரவே கணினியில் ஏற்றிவிடுங்கள்.