கேள்வி பதில்: ஆற்று மீனையும் ஏரி மீனையும் காக்க எந்தச் சட்டம் உதவும்?

கேள்வி: சின்னக் கண் வலையைத் தடை செய்தால் போதாதா?

பதில்: போதாது. வலைக்கண் விதி குஞ்சு மீனைக் காக்கும். தாய் மீனைக் காக்காது. பெரிய மீன்தான் முட்டையை அள்ளிப் போடும். அதனால்தான் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் மீனுக்கு இரு பக்கமும் வரம்பு வைத்தார்கள்: 50 செ.மீ.க்குக் குறைந்ததையும் பிடிக்கக் கூடாது, 85 செ.மீ.க்கு மேலானதையும் பிடிக்கக் கூடாது. அப்புறம், அளவு மீறிய மீனை வாங்குவதும் குற்றம் என்று சட்டத்தில் இருக்க வேண்டும். ராத்திரியில் ஏரி முழுக்கச் சுற்றுவதைவிட, மீன் கரையேறும் துறையில் அளவுகோலோடு நிற்பது எளிது.

கேள்வி: வலை போட்டால்தான் எங்களுக்குச் சோறு. தடைக்காலத்தில் என்ன செய்வது?

பதில்: நியாயமான கேள்வி. வங்கதேசத்தில் இலிஷ் மீன் ஆறேறி முட்டையிடும் பருவத்தில் 22 நாள் தடை போட்டு, மீனவக் குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கிறார்கள். சீனா 2021 ஜனவரி 1 முதல் யாங்சி ஆற்றில் 10 ஆண்டுத் தடை கொண்டுவந்தபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் தொழிலை விட்டார்கள். அவர்களுக்கு இழப்பீடும் வேறு வேலைக்குப் பயிற்சியும் தரும் ஏற்பாடு இருந்தது. நிவாரணம் தடை தொடங்கும் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும். பசியோடு இருப்பவர்மேல் வழக்குப் போடுவது அநியாயம்.

கேள்வி: ஏரியை ஏலம் விடலாமா?

பதில்: ஒரு வருஷக் குத்தகை என்றால் எடுத்தவர் வழித்தெடுத்துவிட்டுப் போவார். அடுத்த வருஷ மீனைப் பற்றி அவருக்கென்ன? பல ஆண்டு உரிமை, அதுவும் அங்கேயே மீன்பிடிப்பவர்களின் சங்கத்துக்கு, என்பதே என் கட்சி. வலையே படாத ஓர் ஆழமான மடுவை ஒதுக்குவதையும் நிபந்தனையாக்குங்கள்.

கேள்வி: தண்ணீருக்குள் இருப்பதை எண்ண முடியாதே, எவ்வளவு பிடிக்கலாம் என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: சில மீன்களை எண்ணலாம். அமேசானில் வாழும் ‘பிராருக்கு’ என்ற பெரிய மீன் காற்றுக்காக மேலே வந்தாக வேண்டும். பிரேசிலின் மாமிராவா காப்பகத்தில் மீனவர்கள் படகில் உட்கார்ந்து, 20 நிமிடத்தில் எத்தனை மேலே வருகின்றன என்று எண்ணுகிறார்கள். வரும்போது எழும் அலையையும் சத்தத்தையும் வைத்தே பெரிதா சிறிதா என்று சொல்லிவிடுவார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்டவற்றில் அதிகபட்சம் 30 சதவீதம் பிடிக்கலாம். அங்கே மீன் பல மடங்கு பெருகியது. எண்ணுகிறவரே பிடிக்கிறவராகவும் இருப்பதால், திருட்டு வலையை அவரே தடுக்கிறார். மற்ற மீன்களுக்குத் தினசரிப் பிடிப்புக் கணக்கே ஆதாரம். அதை உரிமத்தின் நிபந்தனையாக வைக்கலாம்.

கேள்வி: அணை கட்டிவிட்டார்கள், மீன் குறைந்துவிட்டது. மீன்வளச் சட்டத்தில் இதற்கு வழி உண்டா?

பதில்: மீன்வளச் சட்டத்தில் மட்டும் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இங்கேதான் எனக்கு ஆதங்கம். வலைக்காரருக்கு நூறு விதி போடுகிறோம். மதகைத் திறப்பவருக்கு ஒன்றுமில்லை. அணைக்கான அனுமதியிலேயே மீன் அணையைத் தாண்டிப் போக ஒரு வழியும், முட்டையிடும் பருவத்தில் விடவேண்டிய நீரின் அளவும் எழுதப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டு விலாங்கு விதி நல்ல முன்மாதிரி. மனிதத் தலையீடே இல்லாவிட்டால் எவ்வளவு முதிர்ந்த விலாங்கு கடலுக்குப் போயிருக்குமோ, அதில் 40 சதவீதமாவது போய்ச் சேர வேண்டும் என்கிறது அது. இலக்கு அப்படி இருப்பதால் வலையில் சாவதோடு, அணையின் மின் விசையாழியில் அடிபட்டுச் சாவதும் கணக்கில் வருகிறது.

கேள்வி: ஆறு இரண்டு நாட்டில் ஓடினால்?

பதில்: பொது ஆணையம் வேண்டும். தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்றுக்கு 1995 முதல் இருக்கிறது. ஆனால் மேல்பகுதியில் இருக்கும் சீனா அதில் முழு உறுப்பினர் இல்லை. மேலே அணை வைத்திருப்பவரைக் கட்டுப்படுத்தாத ஒப்பந்தத்தால் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் விவரம் கிடைக்கும். வெள்ளத்தோடு ஏறிவரும் மீன் கிடைக்குமென்று உறுதியில்லை.