ஹெட்போனில் இசைத்தட்டு கேட்போர் கவனத்துக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, கனடாவில் இருக்கும் என் தமக்கையார் ஊருக்கு வந்தபோது, தாம் பாவித்த டேர்ன்டேபிள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். இரவில் பிள்ளைகள் படிப்பதால், அப்பா சேர்த்து வைத்த இசைத்தட்டுகளை ஹெட்போனில் கேட்க விரும்பி, பின்புறமுள்ள சிவப்பு, வெள்ளை வயர்களை ஹெட்போனுடன் நேரே இணைக்கும் இணைப்பி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். நுளம்பு இரைவது போன்ற சத்தம்தான் கேட்கிறது. மின்சாரத்துக்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போட்டிருக்கிறேன். புதிய ஹெட்போன் வாங்க வேண்டுமா? (வாசகர், கோண்டாவில்)

பதில்: வேண்டாம். உங்கள் ஹெட்போனில் பிழையில்லை. ஊசிக்கும் ஹெட்போனுக்கும் நடுவே இருக்க வேண்டிய இரண்டு கருவிகள்தான் உங்களிடம் இல்லை. தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியின் அசைவால், அந்த ஊசியைத் தாங்கும் சிறு பெட்டியான காட்ரிஜ்ஜுக்குள் பிறக்கும் மின்சைகை, பரவலாகப் பாவனையிலுள்ள காந்த வகைக் காட்ரிஜ்களில் 3 முதல் 5 மில்லிவோல்ட் அளவில்தான் இருக்கும். அதைக் கொண்டு எந்த ஹெட்போனையும் ஒழுங்காக இயக்க முடியாது. சத்தம் குறைவாக இருப்பதற்கு இது காரணம். அது மெலிந்து, கீச்சிட்டுக் கேட்பதற்குக் காரணம் வேறு. தட்டில் ஒலியைப் பதியும்போதே தாழ்ந்த ஒலிகளை அடக்கியும் உயர்ந்த ஒலிகளைத் தூக்கியும் பதிகிறார்கள். தாழ்ந்த ஒலிகளை முழு அளவில் பதிந்தால் பள்ளங்கள் அகன்று ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறைந்துவிடும். உயர்ந்த ஒலிகளைத் தூக்கிப் பதிந்து, கேட்கும்போது மீண்டும் இறக்கினால் தட்டின் இரைச்சலும் சேர்ந்து அடங்கும். 1950களின் நடுப்பகுதியிலிருந்து எல்.பி. தட்டுகளுக்கு (நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்றும் நீண்ட நேரத் தட்டுகள்) பொதுவாகிவிட்ட, அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் ஆர்.ஐ.ஏ.ஏ. அளவின்படி, 1,000 ஹேர்ட்ஸை நடுவாகக் கொண்டு பார்த்தால், 20 ஹேர்ட்ஸை ஏறக்குறைய 20 டெசிபல் கூட்டியும் 20,000 ஹேர்ட்ஸை ஏறக்குறைய அதேயளவு குறைத்தும் தர வேண்டும். இந்தத் திருத்தத்தைச் செய்து, சைகையையும் ஏறத்தாழ 100 மடங்கு பெருக்கித் தருவதே ஃபோனோ ப்ரீஅம்பிளிபயர்.

அதிலிருந்து வெளிவருவது அரை வோல்ட் அளவிலான சைகை. அதையும் நேரே ஹெட்போனுக்குக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் 32 ஓம் போன்ற குறைந்த தடையுள்ள ஹெட்போனுக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தருவதற்கு அந்த வெளியீடு அமைக்கப்படவில்லை. ஆகவே அடுத்ததாக ஒரு ஹெட்போன் அம்பிளிபயர் வேண்டும். வீட்டில் பழைய ஸ்டீரியோ அம்பிளிபயர் ஒன்று கிடந்தால் முதலில் அதைத் தூசி தட்டிப் பாருங்கள். முன்பக்கத்தில் ஹெட்போன் துளையும் பின்பக்கத்தில் ஃபோனோ என்று எழுதிய நுழைவாயும் இருந்தால் இரண்டு வேலையும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். உங்கள் டேர்ன்டேபிளின் பின்புறத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோனோ, லைன் என்று இரு நிலைகள் கொண்ட சிறிய சுவிட்ச் இருந்தால் ப்ரீஅம்பிளிபயர் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். அதை லைனில் வைத்துக்கொண்டு அம்பிளிபயரின் ஃபோனோ நுழைவாயில் கொடுத்தால் சைகை இரு தடவை பெருகி, பாட்டு உடைந்து கேட்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ட்ரான்ஸ்போமர் எங்கள் 230 வோல்ட்டைக் கனடாவின் 120 வோல்ட்டாகக் குறைக்குமேயன்றி, 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. மின்சாரத்தின் ஹேர்ட்ஸைப் பின்பற்றிச் சுழலும் பழைய வகை ஏ.சி. மோட்டராக இருந்தால், நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்ற வேண்டிய தட்டு 28 தடவை கூடச் சுற்றாது. 5 கட்டையில் பாடியவர் ஏறக்குறைய 3 கட்டையில் பாடுவதாகக் கேட்கும். பாட்டைத் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். தெரியாதவர்கள் பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கேட்பார்கள். சில தயாரிப்புகளுக்கு 50 ஹேர்ட்ஸுக்கான மோட்டர்ச் சில்லு தனியாகக் கிடைக்கும். டேர்ன்டேபிள் தனி அடப்டரில் இயங்கும் டி.சி. மோட்டர் வகையாக இருந்து, அந்த அடப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் ட்ரான்ஸ்போமரே தேவையில்லை.

இனிப் பொருத்தும் முறைக்கு வருவோம். ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு இருக்கும் ஒரு தொல்லை உங்களுக்கு இல்லை: ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குத் திரும்பி உறுமுவதற்கு ஹெட்போனில் இடமில்லை. ஆனால் அறையின் சந்தடியில் மறைந்துபோகும் மோட்டர் அதிர்வும் மின் இரைச்சலும் தூசியின் வெடிப்பும் ஹெட்போனில் காதுக்குள்ளேயே வந்து நிற்கும். அதனால்தான், கையில் உள்ள பணத்தை ஹெட்போனில் போடுவதற்கு முன் நல்ல ஊசியிலும் அதைச் சரியாக அமைப்பதிலும் போடுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். விலை கூடிய ஹெட்போன் ஊசியின் குறைகளைத் துல்லியமாக எடுத்துக் காட்டுமே ஒழிய, மறைக்காது.

ஆட்டமில்லாத மேசையில் வைத்து, மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டத்தைச் சுழல்தட்டின் மேல் இரு திசைகளிலும் வைத்துச் சமப்படுத்துங்கள். பின், ஊசிக்கையின் பின்முனையிலுள்ள எடையை முன்னும் பின்னும் திருகி, கை மேலும் எழாமல் கீழும் விழாமல் காற்றில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில், எடையை அசைக்காமல், அதிலுள்ள எண் வளையத்தை மட்டும் பூச்சியத்துக்குத் திருப்பி, பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, காட்ரிஜ் தயாரித்தவர் குறித்த அழுத்தத்தில் நிறுத்த வேண்டும். பல காட்ரிஜ்களுக்கு அது 2 கிராம் அளவில் இருக்கும். மலிவான சிலவற்றுக்கு 3 கிராமுக்கும் மேல். அழுத்தத்தைக் குறைத்தால் தட்டுத் தேயாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், அழுத்தம் போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவர்களைச் சிதைக்கும். கை உள்நோக்கி இழுபடுவதைத் தடுக்கும் அன்டி ஸ்கேட்டிங் திருகை அதே எண்ணில் வையுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னரும் தட்டின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஷ' ஓசைகள் எரிச்சலாகக் கேட்டால், காட்ரிஜ் சரியான கோணத்தில் பூட்டப்படவில்லை என்று கொள்ளலாம். எல்.பி. தட்டின் விளிம்பில் செக்கனுக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உள்ளே போகப் போக 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. அதே ஓசை குறுகிய இடத்தில் நெருக்கிப் பதியப்பட்டிருப்பதால் கோணத்தின் சிறு பிழையும் அங்கேதான் வெளிப்படும். விடாத உறுமலுக்கு, டேர்ன்டேபிளிலிருந்து தனியே வரும் மெல்லிய ஏர்த் வயர் ப்ரீஅம்பிளிபயரின் ஏர்த் திருகில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் வீட்டின் ஏர்த் இணைப்பையே ஒரு மின் வேலையாளைக் கொண்டு சோதிப்பது நல்லது. உறுமலை நிறுத்துவதற்காக அம்பிளிபயர் ப்ளக்கின் ஏர்த் முளையைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது உயிராபத்து.

கேள்வி: பழைய தமிழ்ப்பட எல்.பி. தட்டுகளை ஹெட்போனில் கேட்கும்போது பாட்டு தலையின் நடுவிலும் கரகரப்பு இரண்டு காதிலுமாகக் கேட்கிறது. ஸ்பீக்கரில் இவ்வளவு தெரிவதில்லை. தட்டுகள் பழுதாகிவிட்டனவா? (வாசகி, பருத்தித்துறை)

பதில்: உங்கள் தட்டுகள் மோனோவாக, அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலி பதிந்தவையாக, இருக்க வேண்டும். மோனோத் தட்டில் பாட்டு முழுவதும் ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. ஸ்டீரியோ காட்ரிஜ்ஜோ மேல்–கீழ் அசைவையும் சேர்த்து எடுக்கிறது. அந்த மேல்–கீழ் அசைவில் பாட்டு எதுவுமில்லை. தூசியும் தேய்மானமும் தரும் சத்தம்தான் இருக்கிறது. அது ஒரு காதில் ஒரு திசையாகவும் மறு காதில் எதிர்த்திசையாகவும் போய்ச் சேருவதால் தலையைச் சுற்றிக் கரகரப்பதாகத் தோன்றும். அம்பிளிபயரில் மோனோ சுவிட்ச் இருந்தால் அதை அழுத்துங்கள்: இரு பக்கச் சைகைகளும் ஒன்றுசேரும்போது எதிரெதிரான அந்தச் சத்தம் தன்னையே அழித்துக்கொள்ள, பாட்டு அப்படியே நிற்கும். சுவிட்ச் இல்லையென்றால், இரு வயர்களை ஒன்றாக்கும் இணைப்பி ஒன்றையும், அதை மறுபடி இரண்டாகப் பிரிக்கும் இணைப்பி ஒன்றையும் டேர்ன்டேபிளுக்கும் ப்ரீஅம்பிளிபயருக்கும் நடுவே பூட்டலாம். சில நூறு ரூபாய் வேலை. கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் ஒலிபெருக்கிக்காரரிடம் உழைத்துத் தேய்ந்த தட்டுக்கு இதுவும் முழு மருந்தாகாது, ஆனாலும் வித்தியாசத்தை முதல் வரியிலேயே உணர்வீர்கள்.

கேள்வி: புளூடூத் ஹெட்போனில் கேட்கலாமா? (வாசகர், நெல்லியடி)

பதில்: புளூடூத் உள்ள டேர்ன்டேபிளானால் கேட்கலாம். சைகையை இலக்கமாக்கிச் சுருக்கி அனுப்புவதால் நுணுக்கம் கொஞ்சம் குறையும். பாட்டுக்குப் பாட்டு எழுந்துபோய்த் தட்டை மாற்றச் சலிக்காத ஒருவர் வயரைக் கண்டு ஏன் சலிக்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: பூஞ்சணம் பிடித்த தட்டுகளைக் கிணற்று நீரில் கழுவலாமா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: கூடாது. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டப்பட்டவை. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு பள்ளங்களுக்குள்ளும் படிந்து, ஹெட்போனில் புதிய கரகரப்பாகக் கேட்கும். வாகன பற்றரிக்கு ஊற்றும் வடிநீரை, அமிலம் கலக்காதது என்று பார்த்து வாங்கி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி மட்டும் கலந்து, மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, பின் வெறும் வடிநீரால் அலசி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். நடுவிலுள்ள காகிதத்தில் ஈரம் படக் கூடாது. 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் அவற்றில் ஸ்பிரிட்டோ அற்ககோல் கலந்த எதுவோ படவே கூடாது, ஏனெனில் அவை அரக்கால் செய்யப்பட்டவை, அற்ககோலில் கரைந்துவிடும். அவற்றுக்கு ஊசியும் வேறு. எல்.பி. ஊசியின் முனை ஏறக்குறைய 18 மைக்ரோன் ஆரமுடையது, 78க்கு வேண்டியது 75 மைக்ரோன் அளவு. எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அது அகன்ற பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் எடுக்கும், ஊசியும் கெடும். உங்கள் காட்ரிஜ்ஜுக்கு 78 ஊசி தனியாக விற்கிறார்களா என்று அதன் மாதிரி எண்ணைச் சொல்லி விசாரித்த பின்னர் அந்தத் தட்டுகளை எடுங்கள்.