சிஸ்ட்டை விடுங்கள், ஹீமோகுளோபினைப் பாருங்கள்

கேள்வி: வயது 53. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். உடம்பு ஒரு மாதிரி அசதியாக இருக்கிறதே என்று நானாகப் போய் ஃபுல் பாடி செக்கப் செய்துகொண்டேன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் கிரேடு 1 ஃபேட்டி லிவர், ஈரலில் 12 மி.மீ. லீஷன், வலது கிட்னியில் சிம்பிள் சிஸ்ட், புராஸ்டேட்டோமெகாலி என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். கடைசியில் ‘கிளினிக்கல் கோரிலேஷன் சஜஸ்டட்’ என்று வேறு இருக்கிறது. நெட்டில் தேடினால் எல்லாம் கேன்சரில் போய் முடிகிறது. என் அண்ணன் வயிற்றில் கேன்சர் வந்துதான் இறந்தார். இப்போது கீழாநெல்லிச் சாறு குடிக்கிறேன். ரத்தம் கொஞ்சம் கம்மியாம், அதற்கு டானிக் சாப்பிடுகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயசாகிறது இல்லையா. முழங்கால் வலி மாத்திரை தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. எனக்கு இது எந்த ஸ்டேஜ் டாக்டர்? (போன வருட ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன்.)

பதில்: எந்த ஸ்டேஜும் இல்லை. ஃபேட்டி லிவரில் கிரேடு என்பது, ஈரலில் கொழுப்பு எவ்வளவு படிந்த மாதிரி ஸ்கேனில் தெரிகிறது என்பதற்குப் போடும் கணக்கு. 1 என்றால் லேசாக. கேன்சருக்குச் சொல்லும் ஸ்டேஜுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஐம்பது தாண்டி, உட்கார்ந்தே வேலை பார்க்கிற ஒருவரின் ஸ்கேனில் இந்த வரி இல்லாவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம். சுகரையும் கொலஸ்டிராலையும் பாருங்கள், தொப்பையைக் குறையுங்கள், நடங்கள். கீழாநெல்லியை நிறுத்திவிடுங்கள், படிந்த கொழுப்பு சாற்றில் கரையாது.

லீஷன் என்றால், சுற்றியுள்ள இடத்திலிருந்து வித்தியாசமாகத் தெரிகிற ஓர் இடம், அவ்வளவுதான். கன்னத்தில் இருக்கிற மச்சமும் எங்கள் பாஷையில் லீஷன்தான். நீங்கள் சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லை மட்டும் வட்டமிட்டிருக்கிறீர்கள். அதற்கு அடுத்தே ‘ஹீமாஞ்சியோமாவாக இருக்கலாம்’ என்று இருப்பதை ஏன் விட்டீர்கள்? அது சிறு ரத்தக் குழாய்கள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கிற ஒரு முடிச்சு. பலருக்கு வாழ்நாள் முழுக்க இருக்கும், ஒன்றும் செய்யாது. மஞ்சள் காமாலை பி வைரஸோ ஈரல் சுருக்கமோ உள்ளவர் என்றால் நான் இவ்வளவு சுலபமாகத் தாண்ட மாட்டேன்; உங்களுக்கு இரண்டும் இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்து, அளவு அப்படியே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கிட்னி சிஸ்ட் தண்ணீர் நிறைந்த சின்னப் பை. அதில் ‘சிம்பிள்’ என்று போட்டிருப்பதே, கவலைப்பட வேண்டாம் என்று ஸ்கேன் டாக்டர் சொல்வதுதான். வயது ஏற ஏற நிறையப் பேருக்கு வரும். புராஸ்டேட்டோமெகாலி என்றால், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி சற்றுப் பெருத்திருக்கிறது. சிறுநீர் போவதில் சிரமம் இருந்தால் பார்க்கலாம், நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

அந்தக் கடைசி வரி உங்களை மிரட்ட எழுதியது அல்ல. ஸ்கேன் எடுத்தவருக்கு உங்கள் தொந்தரவு என்னவென்று முழுதாகத் தெரியாது. ‘நான் பார்த்ததை, நோயாளியை நேரில் பார்க்கிற நீங்கள் பொருத்திப் பாருங்கள்’ என்று ஸ்கேனுக்கு அனுப்பி வைக்கிற டாக்டருக்கு அவர் எழுதுகிற வழக்கமான வரி அது. உங்களை யாருமே அனுப்பவில்லை, நீங்களாகப் போனீர்கள். அதனால் பொருத்திப் பார்க்க ஆளில்லாமல் அந்த வரி நெட்டுக்குப் போய்விட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இணைத்த தாள்களில் ரத்தப் பரிசோதனைத் தாளில் மட்டும் ஒரு வட்டம்கூட இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்தத் தாள்தான். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற, இரும்புச்சத்தில் உருவாகிற ஹீமோகுளோபின் 9.4. கீழே ‘மைக்ரோசைட்டிக் ஹைப்போக்ரோமிக் அனீமியா’. ரத்தச் சிவப்பணுக்கள் அளவில் சிறுத்து, நிறம் வெளுத்துப் போயிருக்கின்றன என்று அர்த்தம். அணுவின் சராசரி அளவைச் சொல்கிற எம்.சி.வி. 80-லிருந்து 100-க்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 69. போன வருட ரிப்போர்ட்டில் இதே எம்.சி.வி. 87, ஹீமோகுளோபின் 13.6. பிறவியிலேயே அணுக்கள் சிறுத்திருப்பவர்களும் உண்டு, தாலசீமியா மரபணு உள்ளவர்கள் மாதிரி. ஆனால் அது போன வருடமே தெரிந்திருக்கும். ஆக, ஒரே வருடத்தில் உங்கள் உடம்பிலிருந்து இரும்புச்சத்து எங்கேயோ வெளியே போயிருக்கிறது.

பெண்களுக்கு மாதவிலக்கில் ரத்தம் போகிறது. ஆண்களுக்கு மாதாமாதம் ரத்தம் போக வழி கிடையாது. அதனால் ஐம்பது வயது ஆணுக்கு இப்படி இரும்புச்சத்து குறைந்தால், ‘சரியாகச் சாப்பிடவில்லை’ என்று நாங்கள் விடுவதில்லை. இரைப்பையிலோ குடலிலோ ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபணம் ஆகும் வரை தேடுவோம். வயிற்று வலி இல்லையே, மலத்தில் ரத்தம் பார்த்ததில்லையே என்று கேட்பீர்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, வலிக்கவும் வலிக்காது. மாடிப்படியில் மூச்சு வாங்குவதுதான் அதற்கு அடையாளம். அதை வயசு என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

‘கெட்ட பழக்கம் இல்லை’ என்பதற்குப் பக்கத்திலேயே வலி மாத்திரையை எழுதியிருக்கிறீர்களே, முதல் சந்தேகம் அதன் மேல்தான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டால் இரைப்பையில் புண் வரலாம். வலியை அடக்கும் மாத்திரை என்பதால் புண்ணின் வலியையும் சேர்த்தே அடக்கிவிடலாம். இன்றோடு நிறுத்துங்கள். முழங்காலுக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொல்லும் அளவில். கொக்கிப்புழுவும் ரத்தம் உறிஞ்சும், அதற்கு மலப் பரிசோதனை இருக்கிறது.

பெருங்குடலில் சதை வளர்ச்சியோ கேன்சரோ இருந்தாலும் இப்படித்தான் கசியும், குறிப்பாக வலப்பக்கக் குடலில் இருந்தால். இதைச் சொல்லாமல் மழுப்புவதில் உங்களுக்கு லாபம் இல்லை. இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள் என்கிறேன்.

அண்ணனுக்கு ‘வயிற்றில் கேன்சர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் இரைப்பை, ஈரல், கணையம், பெருங்குடல் எல்லாமே வயிறுதான். அண்ணி வீட்டில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும், தேடி எடுங்கள். அதில் கேன்சர் இருந்த இடமாகக் கோலன், ரெக்டம், சீக்கம் என்ற சொற்களில் ஏதாவது இருந்தால் பெருங்குடல் கேன்சர் என்று அர்த்தம். அப்படியானால் கூடப் பிறந்தவர்கள் எல்லோருமே 40 வயதிலிருந்து, அல்லது அண்ணனுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பிருந்து, கோலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து பார்க்க வேண்டும். உங்களுக்கு வேறு தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

டானிக்கை ஏன் குறை சொல்கிறேன் என்றால், அது வேலை செய்துவிடும். இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறும், மூச்சு வாங்குவது நிற்கும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள், உள்ளே கசிவது கசிந்துகொண்டே இருக்கும். இரும்புச்சத்து உங்களுக்குத் தேவைதான், ஆனால் காரணத்தைத் தேடிக்கொண்டே கொடுக்க வேண்டியது. இன்னொரு குழப்பமும் உண்டு: இரும்பு மருந்தே மலத்தைக் கறுப்பாக்கும். அது வழக்கம்போல உருண்டு வரும், பயம் இல்லை. தார் மாதிரி பிசுபிசுப்பாக, குடலைப் பிரட்டும் நாற்றத்துடன் கறுப்பாகப் போனாலோ, எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மார்பு வலித்தாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரியானாலும் சரி.

மற்றபடி இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். அது இரும்பு இருப்பைக் காட்டும். அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கேஸ்ட்ரோ (இரைப்பை, குடல்) டாக்டரிடம் போங்கள். மேலே, வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி; கீழே கோலனோஸ்கோபி; இரண்டும் வேண்டும். இரைப்பையில் புண் தெரிந்துவிட்டது, இனி கீழே எதற்கு என்று நழுவாதீர்கள். அண்ணன் விஷயம் எப்படி இருந்தாலும் உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கேட்டுப் பாருங்கள். கோலனோஸ்கோபிக்கு ஒரு வாரம் முன்பே இரும்பு டானிக்கை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் குடல் சுவரில் கறுப்பு அப்பிக்கொண்டு ஒன்றும் தெரியாது. முந்தைய நாள் குடிக்கச் சொல்லும் பேதி மருந்தைப் பாதியில் வைத்துவிடாதீர்கள். அன்றைக்குக் கடைக்கு லீவு போட்டுவிடுவது நல்லது.