செய்தவனிடமிருந்து செயலைப் பறித்த கதை

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மச்சானும் நானும் பாடசாலைக் காலத்திலிருந்தே ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்னும் இணைய விளையாட்டை ஒன்றாக விளையாடி வருகிறோம். அதன் ‘ஷடோலாண்ட்ஸ்’ விரிவாக்கத் தொகுதியைப் பிந்தித்தான் முடித்தேன். இத்தனை காலம் நேசித்த கதையை அது குலைத்துவிட்டது. வீட்டில் சொன்னால், “ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கவலையா?” என்கிறார்கள். மச்சானோ அடுத்த தொகுதிக்கு வா என்கிறான். என் ஏமாற்றம் அர்த்தமற்றதா? விலகுவதா, தொடர்வதா?
– ஒரு வாசகர், கொக்குவில்

பதில்:

தம்பி, உங்கள் ஏமாற்றம் அர்த்தமுள்ளதுதான். ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த கதை தன் அடித்தளத்தையே மாற்றிக்கொள்ளும்போது மனம் நோகும். அந்தக் கதை ஏட்டில் வந்ததா, கணினித் திரையில் வந்ததா என்பதால் அந்த நோவு சிறிதாகிவிடாது. எது உங்களை நோகச் செய்தது என்பதை முதலில் பார்ப்போம்.

உங்கள் விளையாட்டின் கதைக்கு முன்கதையாக, 2002 இல் வெளிவந்த மூன்றாம் ‘வோர்கிராஃப்ட்’ விளையாட்டில், இளவரசன் ஆர்தஸ், கொள்ளைநோய் தொற்றிய ஸ்ட்ராத்தோம் நகரத்து மக்களை, அவர்கள் நடைப்பிணங்களாக மாறுமுன்னரே கொன்றுவிடத் துணிகிறான். ஆசான் ஊதர் மறுக்கிறார், அன்புக்குரிய ஜெய்னா அகன்று போகிறாள், அவன் கேட்கவில்லை. சாபம் படிந்த வாள் அவன் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். தந்தையை அரியணையிலேயே கொன்றதும், தன்னை எதிர்த்து நின்ற எல்ஃப் இனப் படைத்தலைவி சில்வானஸைக் கொன்று ஆவியாக எழுப்பியதும் அதன் பின் வந்த கொடுமைகள். அவனுக்கு வலை விரித்தவர்கள் அந்தக் கதையிலும் இருந்தார்கள். ஆயினும் முதல் அடியை அவன் தானாக எடுத்து வைத்தான் என்பதால்தான் அவன் வீழ்ச்சி நம்மை வருத்தியது.

2020 நவம்பரில் வந்த ஷடோலாண்ட்ஸ், இவை யாவற்றுக்கும் பின்னால், மாண்டோர் உலகின் சிறைக்காவலனான சோவால் இருந்தான் என்று சொல்லிற்று. 2018 ஆம் ஆண்டுத் தொகுதியில் டெல்ட்ராசில் என்னும் பெருமரத்தை அதில் வாழ்ந்த மக்களோடு சேர்த்து எரிக்கக் கட்டளையிட்ட சில்வானஸும் அவனோடு உடன்பட்டே நடந்தாளாம். அவளுடைய ஆன்மாவின் ஒரு துண்டு முன்னரே அந்த வாளால் அறுபட்டிருந்ததாம். அது திரும்பி வந்ததும் தான் செய்தது அவளுக்கு உறைத்ததாம். அப்படியானால் அந்த மரத்தை எரித்த குற்றம் எவருடையது? அந்தக் கேள்வியைத் தொகுதி எழுப்பிவிட்டு, விடையை மங்கலாகவே விட்டுவிடுகிறது. ஆர்தஸின் ஆன்மாவோ சில கணங்களில் ஒளிப்பொட்டாகக் கரைந்து போகிறது. கதையை நான்கு அணிகளுக்கிடையே பங்கிட்டு வாரந்தோறும் சிறிது சிறிதாகத் திறந்ததும், அடுத்த பெரும் பகுதிக்கு ஏழு மாதங்கள் காக்க வைத்ததும் குறைகளே. ஆனால் அது உலகமே பெருந்தொற்றால் வீட்டுக்குள் முடங்கிய காலம் என்பதால் அவற்றை நான் பெரிதுபடுத்தமாட்டேன்.

நம் ஊர்க் கோயில்களில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தக் குறை உடனே விளங்கும். சூரபன்மனுக்குப் பின்னாலும் தூண்டியவர்கள் உண்டு. தாய் மாயை உண்டு, அவளை அனுப்பிய சுக்கிராச்சாரியார் உண்டு. அதைப் புராணம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பிறகு வீரபாகு தேவர் தூது வந்து தேவர்களைச் சிறைவிடச் சொல்கிறார், தம்பி சிங்கமுகனே அறிவுரை சொல்கிறான். இரண்டையும் தள்ளியவன் சூரனே. போரெல்லாம் முடிந்த பிறகு ஒருவர் புதிய படலம் ஒன்றை எழுதிச் சேர்த்து, சூரன் இன்னொருவன் கைப்பாவையாகவே இருந்தான் என்று சொன்னால், கேட்டிருந்தவர்கள் எழுந்து கேள்வி கேட்பார்கள். நீங்கள் கேட்பதும் அதே கேள்விதான். வீட்டிலும் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள். “விளையாட்டைக் கெடுத்துவிட்டார்கள்” என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு எதுவும் புரியாது, ஆர்தஸ் யார் என்று சொன்னால் புரியும்.

இனி, மச்சான். அவனோடு கழியும் நேரமும் இந்தத் தொகுதியின் கதையும் வேறு வேறு. ஒன்றின் மீதுள்ள கோபத்தில் மற்றதை இழக்க வேண்டாம். ஒப்புக்குச் சம்மதித்து உள்ளுக்குள் கசந்துகொண்டு விளையாடவும் வேண்டாம். எது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதை அவனிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். அவனுக்கும் அதே மனக்குறை இருக்கக்கூடும். 2022 இல் வந்த அடுத்த தொகுதியான ‘டிராகன்ஃபிளைட்’ சிறைக்காவலனின் கதையைப் பெரும்பாலும் பின்னால் விட்டுவிட்டு டிராகன்களின் தீவுகளுக்குச் செல்வதால், ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டி அதைப் பார்ப்பது தகும் என்பது என் எண்ணம். அப்போதும் மனம் ஒட்டவில்லையென்றால் சந்தாவை நிறுத்திவிடுங்கள். உங்கள் பாத்திரங்கள் அழிந்துவிடமாட்டா, விரும்பினால் பின்னர் திரும்பலாம். மூன்றாம் வோர்கிராஃப்டுக்கோ மாதச் சந்தாவே இல்லை. அதில் இருவரும் சேர்ந்து ஆடவும் முடியும்.