பாக்கி 15 சிட்டிங் பணத்தைக் கேளுங்கள்

கேள்வி: இடுப்பு டிஸ்க் பிதுக்கத்துக்கு ஆபரேஷன் இல்லாமல், மெஷினில் படுக்கவைத்து இழுக்கும் 'ஸ்பைனல் டிகம்ப்ரஷன்' சிகிச்சை எடுத்தேன். 24 சிட்டிங்குக்கு 72,000 ரூபாய், ஃபைனான்ஸ் போட்டு இஎம்ஐ. 9 சிட்டிங் முடிந்தும் வலி அப்படியே இருக்கிறது, நிறுத்திவிட்டேன். 'நான்-ரீஃபண்டபிள்' (பணம் திருப்பித் தரப்படாது) என்று ரசீதைக் காட்டுகிறார்கள். மேனேஜர் மரியாதையில்லாமல் பேசினார். அலட்சிய சிகிச்சை என்று நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?
- கோவை வாசகர்

பதில்: போடலாம், பெரும்பாலும் தோற்பீர்கள். குணமாகவில்லை என்பதாலேயே அலட்சியம் ஆகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கிலேயே சொல்லிவிட்டது. மேனேஜர் பேசியதை விடுங்கள். உங்களுக்கு நடக்காத 15 சிட்டிங்குக்கு அவர்கள் வைத்திருக்கும் 45,000 ரூபாய்தான் வழக்கு.

என் கட்சிக்காரர்கள் சறுக்குவது சிட்டிங் ஷீட்டில்தான். ஒவ்வொரு முறையும் 'வலி பத்துக்கு எத்தனை?' என்று கேட்பார்கள். தெரபிஸ்ட் முகத்துக்காக 'பரவாயில்லை, ஆறு' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். 8, 7, 6, 5 என்று இறங்கும் அந்த ஷீட்டை ஆணையத்தில் நீட்டி, 'குணமாகிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார்' என்பார்கள். எதிராகச் சொல்ல நிபுணர் வேண்டும். இன்னொரு டாக்டர் அவ்வளவு லேசில் எழுதித் தரமாட்டார். பாக்கிப் பணம் மட்டும் கேட்டால் அந்த ஷீட்டே உங்கள் சாட்சி: ஒன்பதுதான் நடந்தது என்று அதில் இருக்கிறது. இப்போதே நகல் வாங்குங்கள்.

மனுவில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று எழுதிவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது மாநில ஆணையத்தின் அதிகாரம். உங்கள் வழக்கு போகும் மாவட்ட ஆணையத்தில் அந்த ஆட்சேபணையிலேயே காலம் போகும். சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று போங்கள்.

கோபத்தில் இஎம்ஐயை மட்டும் நிறுத்தாதீர்கள். கடன் உங்களுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் இடையில். கிளினிக் மேல் வழக்கு நடக்கும்போதே உங்கள் சிபில் ஸ்கோர் விழும், அப்புறம் வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போதுதான் உறைக்கும்.

சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்கச் சொல்கிறது. நடப்பில் வருடக்கணக்கில் இழுக்கும். ஆகவே கிளினிக்குக்கு நோட்டீஸ் போனதும் அவர்கள் 35,000 தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் கடனைக் குறைத்துக்கொள்ளலாம். 'புகார் எதுவும் இல்லை' என்ற தாளை நீட்டுவார்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.