தனியாக விவிலியம் வாசித்து ஜெபித்தால் போதாதா, அன்பியக் கூட்டத்துக்கும் போக வேண்டுமா?

இதைக் கேட்டவர் வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் என்று நினைக்கிறேன். தனியாக ஜெபிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது மட்டும் போதுமா என்றால், போதாது.

நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்காரன். எங்கள் கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் வட்டத்தில், பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கக் கூடும் சிறு குழுதான் அன்பியம். ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் 61 நாளில், எங்கள் திண்ணையில் கூட்டம். லூக்கா 5ஆம் அதிகாரம் வாசித்தேன். இரவெல்லாம் ஒன்றும் கிடைக்காத பேதுரு, இயேசு சொன்னதும் மறுபடி வலை போடும் பகுதி. மறைக்கல்வி வகுப்பிலிருந்தே எனக்கு மனப்பாடம்.

கருவாடு காயப்போடும் ஒரு பெரியம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர், கேட்டார்: "மீன்பாடு இல்லாம வந்து வலையை அலசுனவன், திரும்பப் போட்டான். சரி. மீன் பட்டதும் பக்கத்துப் படகுக்காரனைக் கூப்பிட்டானா இல்லையா தம்பி?"

ஏழாம் வசனத்தில் இருக்கிறது. மற்றப் படகில் இருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டுகிறார்கள், இரண்டு படகும் நிரம்புகிறது.

"அப்ப நம்ம தெருவுல அடுப்பு எரியாத வீடு எது?"

ஒரு வீட்டைச் சொன்னார்கள். வலைத் தகராறில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடு. அரிசியைக் கொண்டுபோகச் சொன்னது என்னைத்தான். போனேன். அந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் சாக்கின் ஒரு முனையைப் பிடித்து உள்ளே வாங்கி வைத்தார். அடுத்த கூட்டத்தில் என் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து 'பரலோகத்தில் இருக்கிற' ஜெபம் சொன்னார். அறையில் தனியாக ஜெபித்திருந்தால் அவரை வசதியாக மறந்திருப்பேன்.

வம்பு பேசுகிற கூட்டம்தானே என்பார்கள். வம்பும் உண்டு, மறுக்கவில்லை. நான் இறையியல் படித்தவனும் இல்லை. ஆனால் 1693இல் ஓரியூரில் விசுவாசத்துக்காக ரத்தம் சிந்திய குருவானவர் அருளானந்தரே தனியாக அல்ல, உபதேசியார்களை, அதாவது மறைக்கல்வி சொல்லித்தரும் உள்ளூர் ஊழியர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் இந்தச் சீமையில் ஊழியம் செய்தார்.

இன்னொன்று. அதே பெரியம்மாவைக் கருவாட்டுக் கூடையோடு பேருந்தில் ஏற்ற மறுக்கிறார்கள், வாடை அடிக்கிறதாம். விடிகாலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வண்டிக்கு நிற்கிறார். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் வயிறு எரிகிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் தெரு எந்த அன்பியம் என்று உபதேசியாரிடம் கேளுங்கள். வேறு சபை என்றால் வீட்டு ஜெபக்கூட்டம் இருக்கும். பாட்டில் ராகம் தப்பும், சிலர் பேச்சை நிறுத்தமாட்டார்கள். அதற்காக எழுந்து வந்துவிடாதீர்கள்.